மூன்று தடவை பார்ப்பவர்

காற்று முதுகில் அடிக்கும்படி திரும்பி நின்று, இடக்கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மூன்றாவது தடவையாக டேப்பை இறக்குகிறார் அழகுமலை. எண்ணெய்த் தொட்டியின் உச்சி, ஆறு மாடி உயரம். காலடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. அதற்குள் பித்தளைக் குண்டு இறங்க இறங்க எஃகு நாடா சரசரவென்று ஓடுகிறது. குண்டு அடித்தளத்தைத் தொட்டதும் நாடா ஒரு கணம் தளரும். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது, அவருடைய விரலுக்குத் தெரியும். சுற்றி மேலே எடுக்கிறார். டீசல் நனைத்த இடமும் நனையாத இடமும் பிரிகிற கோட்டில், இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். முதலில் தனக்குள் தமிழில் ஒரு முறை, பிறகு உரக்க ஆங்கிலத்தில் ஒரு முறை எண்ணைச் சொல்கிறார்.

கப்பல்காரர்கள் அளவைச் சரிபார்க்க அனுப்பிய பிலிப்பைன்ஸ் சர்வேயர் கையில் நோட்டுடன் பக்கத்தில் நிற்பார். புதிதாக வந்த சர்வேயர் என்றால், "முந்தைய அளவு இவ்வளவுதானே?" என்று பேச்சுக் கொடுக்கப் பார்ப்பார். அழகுமலை உள்ளங்கையை உயர்த்தி அவர் வாயை அடைத்துவிடுவார். "நோ டெல், நோ டெல். ஃபஸ்ட் ஐ ஸீ." கீழே இறங்கி வந்த பிறகு நம்மவர்களிடம் விளக்கம் தமிழில் வரும்: "நம்பரு காதுல விழுந்துச்சுன்னா கண்ணு கெட்டுப்போகும்ப்பு. அப்பறம் டேப்புல இருக்கிறதைப் பாக்காது. காதுல கேட்டதைத்தேன் பாக்கும்."

எமிரேட்ஸின் புஜைரா துறைமுகத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் வெள்ளைத் தொட்டிகளில் பதினெட்டு தொட்டிகள் அவர் வேலை பார்க்கும் டெர்மினலுக்குச் சொந்தம். பெரிய தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல். அதனால்தான் மூன்று தடவை. மூன்றும் ஒத்துப்போனால் எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இது கம்பெனி விதி. மற்றவர்கள் வெயில் ஏறினால் இரண்டு தடவை இறக்கிவிட்டு மூன்றாவதை மனதிலேயே போட்டுக்கொள்வதுண்டு. அழகுமலை ஜூலை மாத மதியத்திலும் மூன்றாவது தடவை இறக்குவார். யாராவது கேலி செய்தால், "ரெண்டு ஒத்துப்போறது அதிர்ஷ்டம், மூணாவது ஒத்துப்போனாத்தேன் அளவு" என்பார்.

நாற்பத்தொரு வயது. சிங்கம்புணரிப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒல்லி உடம்பு, கழுத்து மட்டும் சற்று முன்னால் நீண்டிருக்கும், எந்நேரமும் எதையோ எட்டிப் பார்ப்பதுபோல. தொழில் அவரை விட்டுவிட்டு ரூமுக்கு வருவதில்லை. டீ கிளாஸை வாங்கினால் விளிம்புக்கும் டீக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, "இன்னிக்கு மலையாளி நாலு மில்லி குறைச்சிட்டான்" என்பார். ரூமில் கிரிக்கெட் ஓடும்போது ரன் அவுட் சந்தேகம் வந்தால் டி.வி.யில் மூன்றாவது அம்பயர் முடிவு சொல்வதற்குள் ஆறு கட்டிலிலிருந்தும் தலைகள் இவர் பக்கம் திரும்பும். அவர் சொன்னது பிசகியதாக ஞாபகம் இல்லை என்கிறார் அதே ரூமில் இருக்கும் ஜெயசீலன். தூத்துக்குடிக்காரர், பி.காம். டெர்மினல் ஆபீசில் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்தக் கண்ணுக்காகத்தான் அமெரிக்கர்கள் அவரைத் தங்கள் ஆட்டத்துக்கு நடுவராக்கினார்கள்.

டெர்மினல்களுக்குப் பின்னால், மலையடிவாரத்தில், மண்ணை உருளை போட்டுச் சமப்படுத்தி ஒரு மைதானம் இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வெள்ளிக்கிழமைகளில் நான்கு கம்பெனிகளின் வெள்ளைக்காரர்கள் அங்கே பேஸ்பால் ஆடுகிறார்கள். எங்கள் கேம்பில் அதற்குப் பெயர் அமெரிக்கக் கிரிக்கெட். நான்கு மூலைகள். பந்தை அடித்தவன் ஒவ்வொரு மூலையாக ஓடி, கடைசியில் ஹோம் என்கிற வெள்ளை ரப்பர்ப் பலகையைத் தொட்டால் ஒரு ரன். அதைத் தொடுவதற்குள், பந்தைப் பிடித்திருக்கும் கையுறையால் எதிரணிக்காரன் அவன் உடம்பைத் தொட்டுவிட்டால் அவுட். இவ்வளவுதான் சாரம். சண்டை வருவதெல்லாம் இந்தக் கடைசி ஒரு நொடியில்தான். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு சண்டை கைகலப்பு வரை போனபோது, டெர்மினல் சூப்பரின்டென்டன்ட் லோவல், கோட்டுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அழகுமலையைக் கைகாட்டி, "அவனைக் கேளுங்கள், அவனுக்கு எந்த அணியும் கிடையாது" என்றார். அழகுமலை சொன்னார். அன்றிலிருந்து அந்த இடம் அவருடையது.

விதிகள் முழுக்க அவருக்குத் தெரிய ஒரு சீசன் ஆயிற்று. தீர்ப்பு சொல்ல முதல் நாளே தெரிந்திருந்தது. "கால் முந்துச்சா, கை முந்துச்சா. இதுக்கு என்னத்தப் படிக்கணும்?"

லோவலுக்கு அறுபத்தேழு வயது. கட்டைக் குரல், இடது முழங்காலில் சிறு நொண்டல். ஏப்ரல் முடிவோடு ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார். அவர் போவது அழகுமலைக்குச் சாதாரண விஷயம் இல்லை. பதினோரு வருடமாக அழகுமலை இருப்பது, ஆள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியின் விசாவில்தான். டெர்மினலின் சொந்த ஊழியராக, அளவையாளர்களின் மேற்பார்வையாளராக எடுத்துக்கொண்டால், குடும்ப விசா கிடைக்கும். அதற்கான சிபாரிசுத் தாளை ஜெயசீலனே டைப் செய்து மேலே அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் லோவல். புதிதாக வரப்போகிறவர் தன் ஆட்களோடு வருகிறார் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் மனைவி நாகவள்ளி பாஸ்போர்ட் எடுத்து வைத்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் இரண்டு மாத லீவு, அப்படி நான்கு லீவு, இதுதான் அவர்களுடைய திருமணம். குழந்தை இல்லை. அவளுக்கு முப்பத்தைந்து நடக்கிறது. இதைப் பற்றி இரண்டு பேரும் போனில் பேசுவதில்லை. மற்றதெல்லாம் பேசுவார்கள்.

"எண்ணெயை அளந்து அளந்து ஏடு எழுதுறீகளே, என்னைய எப்ப வந்து அளக்கப் போறீக?" என்று சிரிப்பாள்.

"நீயி வாடி இங்கிட்டு. வந்தப்பறம் பாத்துக்கிருவம்."

"வாரேன் வாரேன். அந்தாளு ஒத்தக் கையெழுத்துப் போட இம்புட்டு நாளா? பேனா இல்லையாமா?"

சீசனின் கடைசி ஆட்டம் ஏப்ரல் மூன்றாவது வெள்ளியன்று நடந்தது. லோவலின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. கடைசி வாய்ப்பில் அவர்கள் ஆள் ஒருவன் ஹோமை நோக்கிப் பாய்ந்து சறுக்கினான். புழுதி எழும்பியது. அழகுமலை அவுட் என்று கை நீட்டினார். லோவல் தொப்பியைக் கழற்றி மண்ணில் அடித்துக்கொண்டு மூக்குக்கு மூக்கு வந்து நின்று கத்தினார். "உன் டேப் அறுந்துவிட்டதா?" என்று கேட்டார். அழகுமலை சிரிக்கவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. "டேப் குட் சார். லெக் லேட்."

கோப்பை போயிற்று. எல்லோரும் கலைந்த பிறகு லோவல் திரும்பி வந்தார். முகத்தின் சிவப்பு இன்னும் இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் தன் வீட்டுக்கு வரும்படி சொன்னார். தன்னிடம் இன்னொரு ஆட்டம் படமாக இருக்கிறது, நாற்பத்தேழு வருடப் பழசு, அதற்கும் ஒரு தீர்ப்பு வேண்டும் என்றார். "உன் தாளும் அங்கேதான் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு அதைப் பார்ப்போம்."

லோவலின் கதை டெர்மினலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருபது வயதில், 1958 செப்டம்பரின் கடைசி வாரத்தில், சிறிய ஊர் அணி ஒன்றிலிருந்து அவரைப் பெரிய அணிக்கு அழைத்தார்கள். சீசன் முடிகிற நேரம், ஆட்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். ஒரு மத்தியான ஆட்டத்தில், அடிபட்ட ஒருவனுக்குப் பதிலாக ஓடுவதற்கு மட்டும் அவரை இறக்கினார்கள். ஓடினார். ஹோமில் அவுட் கொடுத்தார்கள். அணி அதோடு தோற்றது. மறு வருடம் முழங்கால் போயிற்று. பெரிய அணிக்காக அவர் ஆடியது அந்த ஒரு ஓட்டம்தான். தான் அவுட் இல்லை என்பதில் அவருக்கு நாற்பத்தேழு வருடமாகச் சந்தேகமே இருந்ததில்லை. அண்ணன் பார்வையாளர் வரிசையிலிருந்து கைக் கேமராவில் எடுத்த படத்தை இப்போது டி.வி.டி.யாக மாற்றி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை ரூமில் வழக்கு நடந்தது. ஸ்டோர் பொறுப்பாளர் கந்தையாவும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கிடுங்க," என்றார் ஜெயசீலன். "அவரு ஒங்ககிட்ட நியாயம் கேக்கல. ஒரு வார்த்தை கேக்காரு. வெரி க்ளோஸ் சார், பட் சேஃப் சார். சொல்லுங்க பாப்போம்."

"வெரி க்ளோஸ் சார்," என்றார் அழகுமலை.

"பட் சேஃப் சார்."

"பாக்காம எப்பிடிப்பு சொல்றது?"

"அட பார்த்திட்டே சொல்லுமன்!" என்றார் கந்தையா. "அம்பது வருஷத்துக்கு முந்தின விளையாட்டு. அதில விளையாடின பாதிப் பேர் இப்ப உயிரோட இல்லை. சேஃப் எண்டு சொன்னால் ஆருக்கு நட்டம்?"

"யாருக்கும் நட்டமில்லதேன்."

"பிறகென்ன?"

"படத்துல சேஃப்பா இருந்தாச் சொல்லிருவேன். அவரு ஓடுன ஓட்டம், அவருக்குத் தெரியாதா? சேஃப்பாத்தேன் இருக்கும்."

அதை அவர் நம்பிச் சொன்னார். நம்ப விரும்பிச் சொன்னாரா என்பது வேறு கேள்வி. நாகவள்ளியிடம் அன்று விஷயத்தைச் சொன்னபோது அவள், "அவரு எங்கிட்டோ ஓடுனதுக்கு நீங்க என்ன சாட்சியா? போனமா, கையெழுத்த வாங்குனமா, வந்தமான்னு இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தேய்த்த சட்டையோடு போனார். வில்லாவின் முன்னறை முழுக்க அட்டைப் பெட்டிகள், ஒட்டுநாடா போட்டு அடுக்கியிருந்தன. டி.வி.யும் இரண்டு நாற்காலிகளும் ஒரு கண்ணாடி மேசையும் மட்டும் இன்னும் கட்டப்படாமல் இருந்தன. மேசையில் அந்தத் தாள். மேல் ஓரத்தில் தன் பெயர் ஆங்கிலத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. ஏசிக் காற்றில் தாளின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். லோவல் பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தார். டி.வி.டி.யைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்: "இதை இதுவரை பார்த்தவர்கள் எல்லோருமே..."

உள்ளங்கை உயர்ந்தது. "நோ டெல் சார். ஃபஸ்ட் ஐ ஸீ."

லோவல் ரிமோட்டை அழுத்தினார்.

நிறம் வெளுத்த படம். பேச்சில்லை. தொப்பி அணிந்த தலைகள், அவற்றுக்கு அப்பால் பச்சையும் மண்ணும். எங்கிருந்தோ ஒரு இளைஞன் ஓடி வருகிறான். மெலிந்தவன், தொப்பி பறந்துவிட்டது. பந்து வருவது தெரிகிறது. அவன் கால்களை முன்னால் நீட்டிச் சறுக்குகிறான். உறை அவன் மேல் இறங்குகிறது. குனிந்து நின்ற நடுவரின் கை மேலே போகிறது. நான்கு நொடி. அவ்வளவுதான்.

கால் முந்திவிட்டது. அழகுமலைக்கு நன்றாகத் தெரிந்தது. கறுப்பு ஷூ வெள்ளைப் பலகைக்கு மேல் வந்த பிறகுதான் உறை முழங்காலுக்குக் கீழே இறங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ லேசாகிவிட்டது. சேஃப். சொல் நாக்கில் வந்து நின்றது. பொய் சொல்லக் கூட வேண்டியதில்லை. நாகவள்ளி விமானத்திலிருந்து இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவதுவரை அந்த ஒரு கணத்தில் பார்த்துவிட்டார்.

"என்ன?" என்றார் லோவல். நாற்காலிக் கையை விரல்கள் பிடித்திருந்தன.

"த்ரீ டைம் சார்," என்றார் அழகுமலை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரைக் கேட்டால், ஒரு தடவை பார்த்து எண் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான் என்கிறார். அந்த முதல் தடவையோடு எழுந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் தன்னைச் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது தடவை லோவல் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். அழகுமலை இடக்கண்ணை மூடிக்கொண்டார். கால் வந்தது. வெள்ளைப் பலகைமேல் கால் இருந்தது. காலுக்குக் கீழே பலகைமேல் அதன் நிழலும் இருந்தது. சாயங்காலத்தை நோக்கிச் சாய்ந்த வெயில். ஷூவுக்கும் அதன் நிழலுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று. நூல் கனம்.

பழச்சாற்றை மேசையில் வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை அவர் காலைப் பார்க்கவில்லை, உறையைப் பார்க்கவில்லை. அந்தக் கீற்றை மட்டும் பார்த்தார். கால் பலகைக்கு மேலே மிதந்து வந்தது. கீற்று இருந்தது. உறை காலைத் தொட்டது. கீற்று இருந்தது. அதற்கு அப்புறம்தான் குதிகால் கீழே விழுந்தது, நிழல் வந்து ஷூவோடு ஒட்டியது, கீற்று அணைந்தது.

"சார்," என்றார். "லெக் ஃபஸ்ட் சார்."

லோவலின் முகம் மலர்ந்தது. "தெரியும்! எனக்குத் தெரியும்!"

"லெக் ஃபஸ்ட். பட் டச் மாஃபி, நோ டச்." எழுந்து டி.வி. அருகே போய் விரலை நீட்டினார். "திஸ் லெக். திஸ் ஷேடோ. மிடில் ஒயிட். லெக் டச், ஷேடோ டச். லெக் நோ டச், ஷேடோ வேற." ஆங்கிலம் தீர்ந்துபோனது. உள்ளங்கையை மேசைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, அடியில் விழுந்த நிழலைக் காட்டினார். பிறகு கையை மேசையில் வைத்தார். நிழல் மறைந்தது. "ஃபஸ்ட் க்ளோவ் சார். ஆஃப்டர் லெக். அவுட்."

லோவல் சிரித்தார். அது சிரிப்பாக முடியவில்லை. தன் மனைவி பார்த்திருக்கிறாள் என்றார். இரண்டு மகன்களும், கூட வேலை செய்தவர்களும், தன் பல் டாக்டரும்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் விடாமல் சேஃப் என்றுதான் சொன்னார்கள். "அத்தனை பேருக்கும் கண் இல்லையா?"

"கண்ணு இருக்கு சார்," என்றார் அழகுமலை தமிழில். "ஒங்க மேல பிரியமும் இருந்திருக்கும்."

லோவலுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் விளக்கம் கேட்கவில்லை. படத்தை மறுபடி ஓட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். நாற்காலியை டி.வி.க்கு அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அசையாத படத்தில் ஷூ இருந்தது, நிழல் இருந்தது, கீற்று இருந்தது. மறுபடி பின்னால் தள்ளினார். மெலிந்த பையன் மறுபடி ஓடி வந்தான். மறுபடி தொடாமல் போனான். மறுபடி.

ஆறு தடவையா, ஏழு தடவையா, அழகுமலை எண்ணவில்லை. பெரியவரின் கட்டை விரல் பொத்தானை விட்டு எடுபடவில்லை. திரை வெளிச்சத்தில் அவர் கன்னம் தொய்ந்து, சட்டென்று வயதானவராகத் தெரிந்தார். உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. மேசைமேல் தாள் படபடத்தது. "சாரி சார், வெரி க்ளோஸ், பட் சேஃப்" என்று மாற்றிச் சொல்லலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று அழகுமலைக்குத் தோன்றாமல் இல்லை. ஜெயசீலன் சொல்லிக்கொடுத்த வாக்கியம் முழுதாக நினைவில் இருந்தது.

அவர் லோவலின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "கலாஸ் சார், ஃபினிஷ்," என்றார் மெதுவாக. குனிந்து, பெரியவரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி ரிமோட்டை எடுத்தார். படத்தை நிறுத்தினார். ரிமோட்டைக் கண்ணாடி மேசைக்குக் கொண்டுபோய், காற்றில் எழும்பிக்கொண்டிருந்த அந்தத் தாளின் மேல், கையெழுத்துக் கோட்டை மறைக்காமல், வைத்தார்.